இருளைப் பாடியவன் இருளின் ஆளா?

சென்ற மாதம் எங்களூர் வாசிகசாலையில் ஓர் இலக்கியச் சந்திப்பு நடந்தது. தன்னைப் பாதித்த ஒரு கலைப்படைப்பைப் பற்றி ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருவர் நாவல் பற்றிப் பேசினார். இன்னொருவர் ஈரானியத் திரைப்படம் பற்றிப் பேசினார். என் முறை வந்தபோது, 'கோமஸ்' என்ற ஆங்கிலக் குழு 1971 இல் வெளியிட்ட 'ஃபர்ஸ்ட் அட்டரன்ஸ்' என்னும் இசைத்தட்டைப் பற்றிப் பேசினேன். பேச்சோடு நிற்காமல் அதிலிருந்து இரண்டு பாடல்களைச் சிறிய ஒலிபெருக்கியில் போட்டும் காட்டினேன். அதுதான் வினையாயிற்று.

முதற்பாட்டு முடியும் முன்னரே முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், நான் பெரிதும் மதிப்பவர், கையை உயர்த்தினார்.

"தம்பி, இத நிப்பாட்டுங்க. பேய் புடிச்சவன்ட சத்தத்தையெல்லாம் பாட்டெண்டு போடுறீங்களே."

"காக்கா, முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

"முழுசாக் கேக்கத் தேவல்ல. பொண்ணொருத்தியக் கொலை செஞ்சவன் சந்தோசமாப் பாடுறான் எண்டு நீங்கதானே சொன்னீங்க. படிப்பிக்கிற மனிசன் ரசிக்கிற விசயமா இது?"

சபை சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்து அமர்ந்துவிட்டேன். அன்று எனக்கிருந்தது பத்தே நிமிடம். அதில் ஆறு நிமிடத்தை அந்தப் பாடகனின் ஊளை எடுத்துக்கொண்டது. எனவே மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். இசை கேட்கலாமா கூடாதா என்ற பழைய வழக்கை நான் இங்கு எடுக்கவில்லை. காக்கா கேட்டது அதுவுமல்ல. கொடுமையைக் கொடியவனின் வாயாலேயே சொல்லவைக்கும் ஒரு படைப்பை ரசிக்கலாமா என்பதே அவரது கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு அவர் தந்த விடை பிழையானது என்பதே என் வாதம்.

முதலில் அந்தத் தட்டு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில் புரொம்லி, பெக்கன்ஹாம் என்ற புறநகர்கள் உள்ளன. அப்பகுதி ஓவியக் கல்லூரி ஒன்றில் சந்தித்த ரொஜர் வூட்டன், கிளென் கோரிங் என்ற இரு இளைஞர்கள் கிற்றாரோடு சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். 1969 இல், இன்னும் பெரும்புகழ் பெற்றிராத டேவிட் போவி, பெக்கன்ஹாமில் ஒரு மதுச்சாலையில் 'ஆர்ட்ஸ் லேப்' என்ற கலைக்கூடத்தை நடத்திவந்தார். இவர்கள் அங்கே பாடி வளர்ந்தவர்கள். அவ்வாண்டு நவம்பரில் லண்டன் பர்சல் அரங்கில் போவி நடத்திய கச்சேரியில் துணைக்குழுவாகவும் மேடையேறினார்கள். வயலினுக்குக் கொலின் பியர்சன், புல்லாங்குழலுக்கும் ஓபோவுக்கும் ரொப் யங், பேஸ் கிற்றாருக்கு அன்டி ஹெலபி, பெண்குரலுக்குப் பொபி வொட்சன் எனக் குழு அறுவரானது. 1971 பெப்ரவரியில் பை கம்பனியின் கிளையான 'டோன்' இத்தட்டை வெளியிட்டது. அப்போது பிரித்தானியாவில் ஏழு வாரம் நீடித்த தபால் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. தட்டு விலைபோகவில்லை. குழு கலைந்தது. 1974 இல் மீண்டும் கூடி வெளியிட்ட இரண்டாவது தட்டும் எடுபடவில்லை.

ஆனால் முதற்தட்டு சாகவில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்க்கொண்டேயிருந்தது. சுவீடன் நாட்டின் 'ஒபெத்' என்ற கனரக இசைக்குழு 1998 இல் வெளியிட்ட தன் தொகுப்புக்கு இத்தட்டின் பாடலொன்றில் வரும் தொடரையே தலைப்பாக்கியது. 2008 இல் சுவீடனில் கப்பலொன்றில் நடந்த இசைவிழாவில், முப்பது வருடங்களுக்கு மேலாகப் பிரிந்திருந்த இவர்கள் மீண்டும் மேடையேறினார்கள். 2012 இல் புதிய தொகுப்பொன்றும் தந்தார்கள்.

இவ்வகை இசைக்கு 'அசிட் ஃபோக்' என்று பெயர். அறுபதுகளின் இறுதியில் எல்.எஸ்.டி. என்ற போதைமருந்து இளைஞரிடையே பரவியிருந்த சூழலில், நாட்டார் பாடலை எடுத்து அதைக் கனவுபோலவும் கலக்கம்போலவும் மாற்றிப் பாடியவர்களின் இசை அது. அக்காலத்து நகரத்து இளைஞர் பலருக்குக் கிராமம் என்றால் புல்வெளி, பூ, புல்லாங்குழல். கோமஸ் குழுவிடமும் இவையெல்லாம் இருந்தன. ஆனால் அந்தப் புல்வெளிக்கு அப்பால் ஒரு காடு இருந்தது. காட்டுக்குள் ஒருவன் காத்திருந்தான்.

உறையே எச்சரிக்கை தருகிறது. எலும்பும் நரம்பும் முறுக்கேறி நெளிகிற ஒரு மனித உருவம். வூட்டன் சாதாரண போல்பொயின்ற் பேனையால் வரைந்தது. உள்ளே ஏழு உருப்படிகள். கிற்றார்கள் வேகமாக உராய, கைகளால் தட்டும் மேளங்கள் துரத்த, வயலின் இனிமையை மறந்து கீறுகிறது. வூட்டனின் குரல் ஒரே வரிக்குள் ஆடு கத்துவதுபோலத் தொடங்கி, உறுமலாகி, கீச்சிட்டு முடிகிறது. அதன் மேலாகப் பொபி வொட்சனின் மெல்லிய குரல் எங்கோ உயரத்தில் மிதக்கிறது. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நகரத்தில் வேலைசெய்யும் என் பழைய மாணவன் ஒருவன் "சேர், இதக் கேட்டுப் பாருங்க" என்று கைத்தொலைபேசிக்கு அனுப்பியிருந்தான். சிரித்துக்கொண்டே தொடங்கி, மூன்றாவது பாட்டில் எழுந்து அறைக்கதவைச் சாத்தினேன். பிள்ளைகள் கேட்டுவிடக் கூடாதே என்ற பயம் அது.

அந்த மூன்றாவது பாட்டுக்கு 'டிரிப் டிரிப்' என்று பெயர். ஏறத்தாழப் பதினொரு நிமிடம். ஒருவன் தான் கொன்ற பெண்ணிடம் பேசுகிறான். திட்டவில்லை, காதலன் பேசுவதுபோல் கனிவாகப் பேசுகிறான். முதற்பாட்டான 'டயானா'வில் காட்டில் ஓடும் ஒருத்தியை வேட்கை துரத்துகிறது, வேட்டை நாய்கள் குரைக்கின்றன. 'சோங் டு கோமஸ்' காட்டுக்குள் கன்னியரை ஏமாற்றி இழுக்கும் கோமஸின் புகழைப் பாடுகிறது. 'த பைட்' தன் விசுவாசத்துக்காகக் கொல்லப்படும் ஒரு கிறிஸ்தவனின் கதை.

காக்காவின் முதலாவது குற்றச்சாட்டு, இப்படியெல்லாம் பாடுவது புதிதாக வந்த கேடு என்பது. அது உண்மையல்ல. அமெரிக்கப் பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1882 முதல் 1898 வரை வெளியிட்ட தொகுதிகளில் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்துக் கதைப்பாடல்கள் 305 இருக்கின்றன. அதில் நான்காவது பாடலைப் பாருங்கள். ஒருவன் இனிய பேச்சாலோ இசையாலோ ஒரு பெண்ணை மயக்கிக் காட்டுக்கோ நீர்நிலைக்கோ கூட்டிப்போகிறான். தனக்கு முன்னர் பலரை அவன் கொன்றிருப்பதை அவள் அங்கே அறிகிறாள். தந்திரத்தால் அவனையே முடித்துத் தப்புகிறாள். தொண்ணூற்று மூன்றாவது பாடலில் லாங்கின் என்பவன் வீட்டுக்குள் புகுந்து தொட்டிலில் கிடக்கும் குழந்தையைக் கொல்கிறான். அவனுக்குத் துணைநிற்பவள் அக்குழந்தையை வளர்க்கும் தாதி. இப்பாடல்களை நினைவில் காத்துத் தந்தவர்களில் பெண்கள் பலர். எந்த ஆபத்து எந்த முகத்தோடு வரும் என்பதை இந்தப் பாடல்களும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தன.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்க மாட்டேன். அதே காலத்தில் பெண்டாங்கிள், ஃபெயார்போர்ட் கன்வென்ஷன் முதலிய குழுக்களும் பழைய கொலைப்பாடல்களைப் பாடின. அவை கதைசொல்லியின் இடத்தில் நின்று பாடின. கேட்பவருக்குப் பாதுகாப்பான ஒரு தூரம் இருந்தது. கோமஸ் குழு அந்தத் தூரத்தை எடுத்துவிட்டது. கொலைகாரனின் தொண்டைக்குள்ளேயே புகுந்துகொண்டது. காக்காவைக் கோபப்படுத்தியது கதையல்ல, தூரம் இல்லாமற் போனதுதான் என்று நினைக்கிறேன்.

அவ்வாறாயின் அந்தத் தூரத்தை நீக்கும் உரிமை கலைஞனுக்கு உண்டா? இதற்கு விடைதேட, குழு தன் பெயரை எடுத்த இடத்துக்கே போவோம். ஜோன் மில்டன் எழுதிய 'கோமஸ்' என்ற நாடகம் 1634 செப்டம்பர் 29 ஆம் திகதி லட்லோ கோட்டையில் பிரிட்ஜ்வோட்டர் பிரபுவின் முன்னிலையில் அரங்கேறியது. நடித்தவர்களில் பிரபுவின் சொந்தப் பிள்ளைகள் மூவர். மகள் அலிஸுக்கு அப்போது பதினைந்து வயது. இருட்டில் காட்டில் வழிதவறிய பெண்ணாக அவள் நடித்தாள். அவளிடம் கோமஸ் எப்படி வருகிறான்? கொம்பும் வாலும் கொண்ட அரக்கனாக அல்ல. எளிய ஆட்டிடையனாக வேடமிட்டு, 'வா, தங்க இடம் காட்டுகிறேன்' என்ற பாவனையில் வருகிறான். பின்னர் மந்திர ஆசனத்தில் அவளை இருத்திக் கிண்ணத்தை நீட்டும்போது அவன் வாயில் மில்டன் வைத்திருக்கும் கவிதை சாதாரணமானதல்ல. கேட்பவரை இணங்கவைக்கக்கூடிய கவிதை. தூய்மைவாதியான மில்டனுக்குத் தீயவனின் வாய்க்கு இத்தனை அழகைக் கொடுக்க என்ன தேவை வந்தது? அந்த அழகு இல்லாவிட்டால் அவள் மறுப்புக்குப் பெறுமதி இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்நாடகத்துக்கு மூன்று வருடங்களுக்கு முன்னர், 1631 இல், பிரிட்ஜ்வோட்டர் சீமாட்டியின் சகோதரியை மணந்திருந்த காசில்ஹேவன் பிரபு, தன் வீட்டுப் பெண்களுக்கே இழைக்கப்பட்ட பாலியல் கொடுமைகளுக்காகக் குற்றவாளியாகக் காணப்பட்டுச் சிரச்சேதம் செய்யப்பட்டிருந்தார். நாடகத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் கோட்டையில் அமர்ந்திருந்தவர்களுக்குக் 'காடு' என்றால் தூரத்துக் காடு மட்டுமல்ல என்பது விளங்கியிருக்கும். சில காடுகளுக்குக் கூரையும் கதவும் உண்டு.

பத்து வருடம் கழித்து, 1644 இல், நூல்களுக்கு முன்தணிக்கை வேண்டாம் என்று வாதாடிய சிறுநூலிலும் மில்டன் இதே இடத்துக்குத்தான் வருகிறார். தீமையைச் சந்திக்காமல் அறைக்குள் பூட்டிவைத்த நன்மையை நன்மை என்று மெச்ச அவரால் முடியவில்லை.

இனி என் சொந்தக் கணக்குக்கு வருகிறேன். இதைச் சபையில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மில்டனின் இந்நாடகத்தை நான் ஆசிரியர் கலாசாலையில் பயிலுநராக இருந்த காலத்தில் நூலகத்தில் எடுத்துப் படித்தேன். 'தீமையை ஒழுக்கம் வெல்கிறது' என்று குறிப்பும் எழுதிவைத்தேன். சில வருடங்களின் பின்னர் நான் படிப்பித்த ஒரு பாடசாலையில், பிள்ளைகளுக்கு உதவி செய்யவென்று அடிக்கடி வந்துபோகும் ஒரு பெரிய மனிதர் இருந்தார். கொப்பி வாங்கித் தருவார். அழகாகப் பேசுவார். பரிசளிப்பு விழாவில் அவரைப் புகழ்ந்து வரவேற்புரை எழுதியவன் நான். எட்டாம் ஆண்டில் படித்த ஒரு பிள்ளை ஒருநாள் என் மேசையருகே வந்து, "சேர், அவரு கதைக்கிறது எனக்கு விருப்பமில்ல" என்றாள். "பெரியவங்கள அப்படிச் சொல்லக் கூடாது" என்று கண்டித்து அனுப்பினேன். அவள் சொல்ல வந்தது என்னவென்று ஊருக்குத் தெரியவந்தபோது ஒரு வருடம் கடந்திருந்தது. அவர் ஊரைவிட்டுப் போனார். அவளும் பாடசாலையை விட்டுப் போனாள்.

குறிப்பு எழுதிய எனக்கு, இடையன் வேடத்தில் வந்தவனை அடையாளம் தெரியவில்லை. ஏன்? தீயவன் தீயவனைப்போல்தான் பேசுவான் என்று நம்பியிருந்தேன். நான் கேட்டு வளர்ந்த பாட்டிலும், படித்த கதையிலும், எழுதிய வரவேற்புரையிலும் அவன் குரல் இருந்ததேயில்லை.

'டிரிப் டிரிப்' பாட்டைக் கேட்டு நான் எழுந்து கதவைச் சாத்தியதற்குப் பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள் என்பது மட்டும் காரணமல்ல. அந்தக் கனிவான குரலை நான் முன்னர் கேட்டிருக்கிறேன். அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தும் இருக்கிறேன்.

ஆகவே காக்கா, இருளைப் பாடியவன் இருளின் ஆள் என்ற உங்கள் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. இத்தட்டு கொடுமையை இனிமையாக்கவில்லை. இனிமையாக்கியிருந்தால் உங்களுக்குக் கோபம் வந்திராது. எத்தனையோ திரைப்பாடல்களில் விருப்பமில்லாத பெண்ணைத் துரத்துவதை இனிய மெட்டில் பாடுகிறார்கள். கலியாண வீடுகளில் ஒலிபெருக்கி அதை ஊருக்கே ஊட்டுகிறது. யாரும் கையுயர்த்தி நிறுத்தச் சொல்வதில்லை. அங்கே துரத்துகிறவன் கதாநாயகன். இங்கே துரத்துகிறவனின் குரலைக் கேட்டால் தோல் கூசுகிறது. இவ்விரண்டில் எது ஒழுக்கத்துக்குக் கேடு?

இவ்வளவு சொன்ன பின்னர் தட்டின் குறையையும் நான் மறைத்தலாகாது. 'டிரிப் டிரிப்' பாட்டில் ஓரிடத்துக்குப் பிறகு காட்டுவது நின்று சுவைப்பது தொடங்குகிறது. கொல்லப்பட்டவளுக்கு அங்கே ஒரு சொல்கூட இல்லை. சைல்டின் நான்காவது பாடலில் அந்தப் பெண் பேசுகிறாள், திட்டமிடுகிறாள், வெல்கிறாள். மில்டனின் பெண்ணும் வாதாடுகிறாள். கோமஸ் குழுவின் பெண்ணோ ஓடுகிறாள், அல்லது கிடக்கிறாள். குழுவிலேயே ஓர் அருமையான பெண்குரலை வைத்துக்கொண்டு, பல இடங்களில் அதையும் வேட்டைக்காரனோடு சேர்ந்து பாடவிட்டதை நான் பெருங்குறையாகவே எண்ணுகிறேன். காக்கா இதைச் சொல்லி என்னை மறித்திருந்தால் பாதி வழக்கை விட்டுக்கொடுத்திருப்பேன்.

ஆயினும் கடைசிப் பாட்டை அவர் கேட்கவில்லை. அதற்கு 'த பிரிசனர்' என்று பெயர். இங்கே பாடுபவன் வேட்டைக்காரனல்ல. மனநோயாளி என்று முத்திரை குத்தப்பட்டு, மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, மின்னதிர்ச்சி கொடுக்கப்படுபவன். காடு இல்லை, நாய் இல்லை. சுவரும் சிகிச்சையும்தான் இருக்கின்றன. செய்பவர்கள் அவனுடைய நன்மைக்கே செய்வதாகச் சொல்கிறார்கள். முடிவில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றேறிச் சிதறுகின்றன. அப்போதுதான் முழுத்தட்டும் திரும்பி நம்மைப் பார்க்கிறது. காட்டிலிருப்பவனைக் கண்டு மிரண்ட நீங்கள், வெள்ளைச் சுவருக்குள் நடப்பதை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்கிறது. வேட்டைக்காரனின் குரலில் தொடங்கிய இசை பிடிபட்டவனின் குரலில் முடிகிறது. வன்முறையைக் கொண்டாடுகிறவன் இந்தப் பாட்டைக் கடைசியில் வைக்கமாட்டான்.

அன்று எனக்கு ஆதரவாக எழுந்த ஒரு தம்பிக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர் சொன்னது இது: "சொல்லுகள விடுங்க சேர். இதுட அசல் தட்டு இண்டைக்கு என்ன விலை போகுது தெரியுமா? இந்த மாதிரி இருட்டான சாமான் கொஞ்சப் பேருக்குத்தான் விளங்கும்." தம்பி, மன்னிக்க வேண்டும். காக்காவின் கோபத்தைவிட உங்கள் ஆதரவு எனக்குக் கூடுதலாக உறுத்தியது. அரிது, விலை கூடியது, சிலருக்கே உரியது என்பவை ஒரு பண்டத்தின் குணங்கள். அவற்றால் ஒரு படைப்பின் தரத்தை அளக்க முடியாது. சொற்களை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் எடுப்பவருக்கு இத்தட்டு ஒரு கிளுகிளுப்பு. காக்கா அந்தக் கொலையைக் கேட்டுத் துடித்தார். நீங்கள் துடிக்கவில்லை. அப்படியானால் அதைச் சரியாகக் கேட்டவர் காக்காதான். அவருடைய பிழை, துடித்தவுடன் காதைப் பொத்திக்கொண்டது மட்டுமே.

"அப்படியெண்டா எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதப் போட்டுக் காட்டுவீங்களா?" என்று கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் ஒரு சக ஆசிரியை கேட்டார். மாட்டேன். வீட்டில் மருந்தைப் பூட்டி வைக்கிறோம். அதற்காக வீட்டில் மருந்தே இருக்கக் கூடாது என்று சொல்வதில்லை. இது வளர்ந்தவர்கள் கேட்க வேண்டியது. அதிலும் பிள்ளைகளைப் பொறுப்பெடுத்திருக்கிற வளர்ந்தவர்கள் கேட்க வேண்டியது.

எழுதுகிற நண்பர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. நமது சிறுகதைகளில் தீயவன் வாசலில் கால்வைக்கும்போதே வாசகனுக்குத் தெரிந்துவிடுகிறது. கண் சிவந்திருக்கும், வாயில் சுருட்டிருக்கும், பேச்சில் நஞ்சிருக்கும். கதை முடிவில் அவனுக்குத் தண்டனையும் கிடைத்துவிடும். வாசகன் நிம்மதியாகத் தூங்குவான். நானும் அப்படி நாலைந்து கதைகள் எழுதியவன்தான். பரிசும் கிடைத்திருக்கிறது. கொப்பி வாங்கித் தந்து, அழகாகப் பேசி, விழாவில் பொன்னாடை போர்த்தப்படுகிறவனின் வாயிலிருந்து கதை சொல்ல நம்மில் எத்தனை பேர் துணிந்தோம்? சில இளைஞர்கள், யாரும் வாங்காத ஒரு தட்டில், 1971 இல் அதற்குத் துணிந்தார்கள். முழுதும் சரியாகச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. துணிந்தார்கள் என்கிறேன்.

காக்கா அடுத்த சந்திப்புக்கும் வருவார், முன்வரிசையில்தான் இருப்பார். அவரிடம் என் வேண்டுகோள் ஒன்றே. அன்று நான் முதற்பாட்டிலிருந்து தொடங்கியது பிழை. இம்முறை கடைசிப் பாட்டிலிருந்து தொடங்குவோம். அதைக் கேட்டு முடித்த பின்னரும் கையை உயர்த்தினால், நானே எழுந்து நிறுத்திவிடுகிறேன்.